பனையைப் பேணுதலும் கருப்பநீர் இறக்குதலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே மணற்பாங்கான நிலத்தில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. இத்தகைய நிலத்திற்கு ஏற்ற மரம் பனையாகும். அது வரட்சியைத் தாங்கும். கடற்காற்றைத் தடுத்துத் தோட்டப் பயிரைக் காக்கும். 1978 கார்த்திகையில் வீசிய சூறாவளி இம்மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களைப் பெருமளவில் சாய்த்தது. காற்றை எதிர்த்து நிற்கும் மரத்தின் அருமையை அவ்வழிவு உணர்த்திற்று.

ஒரு பனையைத் தறிக்க ஒரு நாள் போதும். அதற்கு ஈடாக நட்ட விதை பாளை ஈனுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். ஆதலால் வேலிக்கும் கூரைக்குமென மரத்தை மொட்டையடித்தல் பெருந்தவறு. முதிர்ந்த கீழோலைகளை மட்டுமே வெட்டுதல் வேண்டும். குருத்தையும் இளவோலைகளையும் தொடலாகாது. காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் உக்கிய மரத்திலும் பெருகிப் பின்னர் குருத்தைத் துளைக்கும். எருவைக் கிளறுங்கால் காணப்படும் வெண்புழுக்களைப் பொறுக்கி அழித்தல் கமக்காரரின் கடமையாகும்.

மாரிமழை ஓய்ந்தபின் பாளைகள் வெளிவரும். பெரும்போக அறுவடை முடிந்து வயல்வேலை குறையும் காலமும் அதுவே. ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் நீர் இறக்கலாம். பாளையைப் பதமாக நசுக்கிக் கட்டி, காலையும் மாலையும் நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கட்டுவர். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுதல் இன்றியமையாதது. பூசாவிடின் நுரைமம் சீனியைப் புளிக்கச் செய்து சில மணி நேரத்தில் நீரைக் கள்ளாக்கிவிடும். முட்டியை நாள்தோறும் கழுவி உலர்த்துதலும் வேண்டும்.

கருப்பநீரின் நூறு பங்கில் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு சீனியாகும். இறக்கியவுடன் வடித்து, தெளியவைத்து, அகன்ற பாத்திரத்தில் காய்ச்சினால் நல்ல பனங்கட்டி கிடைக்கும். காலம் தாழ்த்திக் காய்ச்சிய நீர் கட்டியாக உறையாது.

எல்லாப் பெண்பனைகளிலும் பாளை சீவலாகாது. விதைக்கெனச் சிலவற்றை விட்டுவைத்தல் வேண்டும். பழுத்து விழும் விதைகளை மாரிக்கு முன்னரே பத்தடி இடைவெளியில் நிலையான இடத்தில் ஊன்றுக. முளை ஆழமாகக் கீழிறங்குவதால் பிடுங்கி நடுதல் பலன் தராது.

பனைத்தொழிலை வளர்க்கும் நோக்குடன் 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. எனினும், தோப்பைக் காப்பது நிலமுடையோரின் கையிலேயே உள்ளது. ஆண்டுதோறும் வேலியோரத்தில் பத்து விதை ஊன்றும் கமக்காரர் தம் மக்களுக்கு அழியாத முதலொன்றை வைத்தவராவர்.