பச்சை இலை, ஊதாக் களிம்பு

களிம்பு டப்பாவைத் திறந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன சாயம் போட்டீங்க?" சத்தியமாக ஒன்றுமில்லை! வெட்பாலை இலை, செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, அவ்வளவுதான். பிறகு அந்த ஊதா எப்படி வந்தது? மொட்டைமாடிக்கு வாருங்கள், காட்டுகிறேன். பொறுங்கள், முதலில் வேலியோரம் போக வேண்டும்.

வெட்பாலை வறண்ட பூமியின் மரம். குன்றுச் சரிவிலும் தோட்ட வேலியிலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கும். காயைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்: ஒல்லியாக, நீளமாக, ஜோடி ஜோடியாக, நுனி ஒட்டிக்கொண்டு தொங்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஆனால் பாலை மட்டும் நம்பிப் பறித்துவிடாதீர்கள். இது அரளிக் குடும்பம். சொந்தக்காரர்களில் விஷக்காரர்கள் உண்டு! மரம் தெரிந்த ஆளைக் கூடவே இழுத்துக்கொண்டு போங்கள். (கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளை வழக்கமாகக் கடைவது இந்த மரத்தின் வெள்ளைக் கட்டையில்தான். தெரிந்த நாள் முதல் பொம்மைக் கடைகளில் எனக்குக் கால் நகர்வதில்லை.)

இப்போது மாடி. கழுவிய இலையைத் துணியில் ஒற்றி, நிழலில் வாடவிட வேண்டும். இந்த வேலையின் மொத்த ரகசியமும் இதுதான். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். இலையில் இரும்பு படக்கூடாது என்பது பழைய வழக்கம். அதனால் கத்தி கிடையாது, கையாலேயே பிய்த்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வையுங்கள்.

அப்புறம் வேடிக்கை பாருங்கள்! அடுப்பில்லை, தீயில்லை, வெயில் ஏற ஏற எண்ணெய் நிறம் மாறி, சில நாட்களில் நாவல்பழச் சாறாட்டம் கருத்த ஊதாவில் நிற்கும். மணிக்கொரு தரம் மாடிப்படி ஏறாமல் இருக்கவே முடியாது. இந்த இலையிலிருந்து ஒருகாலத்தில் நீலச்சாயம் எடுத்தவர்கள் நம்மவர்கள். ஜாடிக்குள் வெளிப்படுவதும் அந்தச் சாயக் குணம்தான்.

வடிகட்டிய எண்ணெய் 100 கிராமுக்கு மெழுகு 20 கிராம். சித்திரை வெயிலுக்கு 25 போடலாம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். மெழுகு உருக அறுபது டிகிரிக்குச் சற்று மேல் சூடு போதும். குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் பதம் தெரியும். டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால், அடடா, என்ன பளபளப்பு!

சித்த மருத்துவத்தில் வெட்பாலைத் தைலத்தைக் காளாஞ்சகப்படைக்கும் (சொரியாசிஸ்) பொடுகுக்கும் கொடுப்பார்கள். நோய்க்கென்றால் வைத்தியரிடமே போங்கள். நம் களிம்பு வறண்ட முழங்கைக்கும் குதிகாலுக்கும் போதும். எதற்கானாலும் முதலில் மணிக்கட்டில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். இன்னொன்று: வெள்ளை வேட்டி கட்டியிருக்கும்போது தொடவே தொடாதீர்கள், கறை போகாது.