உங்களுக்குத் தெரியுமா? குதிகாலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து ஏற்காடு ஏறும் சைக்கிள்காரரின் குதிகால் தசைநாண் அறுந்துவிடாமல் காப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுப் பொருள் கங்காரு வாலின் தசைநாண்! அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கொடுத்து உதவியது. கருவி, எக்ஸ் கதிர்.

ஆனால் எக்ஸ் கதிர் காட்டுவது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியை. தனி இழையைப் பார்க்க 1986இல் வந்தது அணுவிசை நுண்ணோக்கி. இசைத்தட்டின் மேல் ஊசி ஓடுவதுபோல, மிக நுண்ணிய முனை ஒன்று மாதிரியின் மேடுபள்ளங்களைத் தடவிப் படமாக்கும். ஈரமான மாதிரியையும் அப்படியே பார்க்கலாம். உயிரியலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொலாஜன் இழையில் ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும் வரிகளை இந்த முனை நேரடியாகத் தொட்டறிகிறது. எக்ஸ் கதிர்ச் சிதறலும் அதே அளவையே தருகிறது.

பிரான்சின் கிரெனோபிள் நகரில், வலிமையான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் மையத்தில் இவ்விரண்டையும் ஒன்றாகப் பொருத்திய கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். முனை அழுத்தும்போதே உள்ளமைப்பு எப்படி மாறுகிறது என்று கதிர் சொல்லும். மென்மையான உயிர்ப்பொருளைக் கதிரே சிதைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அந்தச் சேதத்தைக் கண்காணிக்கவும் அதே முனை உதவுகிறது.