மரநிழலில் ஓர் இருக்கை

நோயின் பெயரை முதன்முதலாகச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. அதைக் கேட்ட குடும்பத்தினர் எங்கள் அறையை விட்டு வெளியேறியபின் எங்கே செல்கிறார்கள் என்று நாங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. மருந்தக வரிசையிலும், மின்தூக்கியின் அருகிலும், வாகன நிறுத்தத்திலும் நின்று கண்ணீரைத் துடைத்துக்கொள்பவர்களைக் கண்ட பிறகே, இம்மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அமர்ந்து அழவோ, அமைதியாகச் சிந்திக்கவோ ஓர் இடமில்லை என்பதை உணர்ந்தோம். நூலகத்திற்குப் பின்புறமுள்ள வேப்பமரங்களின் நிழலில் அமைதித் தோட்டம் அமைக்கும் பணி அவ்வாறே தொடங்கியது.

இயற்கைக் காட்சி நோயாளிகளுக்கு உதவுமா? ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வு. மரம் மருந்துக்கு மாற்றும் அன்று. ஆயினும், மருந்து செய்யும் பணிக்கு அது துணைநிற்கக்கூடும் என்று நம்புவதற்கு இடமுண்டு.

மாணவர்களின் மனநலம் கருதிப் பல்கலைக்கழகங்களும் இத்தகைய இடங்களை அமைத்து வருகின்றன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விண்ட்ஹோவர் மையத்தின் வெளியே, மெல்ல நடந்து சிந்திப்பதற்கென வட்டச் சுழல்பாதை ஒன்று உள்ளது.

எங்கள் தோட்டம் எளியது. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் சமதளப் பாதை. எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியும் சாய்வும் கொண்ட இருக்கைகள். தனித்திருக்க விரும்புவோருக்குச் செடி மறைப்புடைய ஒரு மூலை. கீமோதெரபி பெறுவோருக்குக் கடும் மணம் குமட்டலைத் தரும் என்பதால் மணமிகு மலர்களைத் தவிர்த்தோம். அரளி நச்சுத்தன்மை உடையது; அதையும் நடவில்லை. கொசு பெருகும் என்பதால் தேங்கும் நீருக்கு இடமளிக்கவில்லை.

வருமுன் கவனிக்க வேண்டியவை

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெற்றே வர வேண்டும். மண்ணையும் உதிர்ந்த இலைகளையும் கையாளக் கூடாது. சில மருந்துகள் தோலை வெயிலால் எளிதில் பாதிப்படையச் செய்யும். ஆகவே காலையோ மாலையோ வருவதே நலம். வார்டை விட்டுக் கிளம்புமுன் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இறுதியாக, உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். "நான் நகர்ந்தால் அவரை யார் பார்ப்பார்?" என்று நீங்கள் தயங்குவதை அறிவோம். செவிலியரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, கால்மணி நேரமாவது வந்து அமருங்கள். தேவையெனில் உடனே அழைப்பார்கள். நோயாளிக்கு நாளையும் நீங்கள் வேண்டும்.