ஒரு சாவிக்கொத்து... 22 பூட்டு!

உங்க ஹாஸ்டல் வாட்ச்மேன்கிட்ட எல்லா ரூம் சாவியும் ஒரே கொத்தா இருக்கும், இல்லையா? அந்தக் கொத்து திருடன் கையில சிக்கினா? ஒரு ரூம் இல்ல பாஸ், மொத்த ஹாஸ்டலும் காலி!

2019 ஆகஸ்ட் 16-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே நாளில் 22 உள்ளாட்சி அமைப்புகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 'பணம் கொடுத்தால் திறப்போம்' என்று மிரட்டும் ரான்சம்வேர் வேலை! கேட்ட தொகை 25 லட்சம் டாலர் என்றார் கீன் நகர மேயர். போர்கர் நகரத்திலோ பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. தண்ணீர் பில்கூடக் கட்ட முடியவில்லை.

அதெப்படி ஒரே நாள்ல இத்தனை ஊர்?

பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர்கள். தனியாக ஒரு கம்ப்யூட்டர் நிபுணரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. அதனால், வெளி நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் தன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எல்லா ஊர் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் போய் ரிப்பேர் பார்க்கும். வசதிதான்! ஆனா, திருடர்கள் நுழைந்ததும் அதே வாசல் வழியாத்தான்.

அப்ப அவுட்சோர்ஸிங்கே தப்பா? அதுதான் இல்லை. சின்ன ஊருக்கு வேறு வழி கிடையாது. ஆனால், கையெழுத்துப் போடும் முன்பு சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எங்க கம்ப்யூட்டருக்குள்ள யார் யார் வர்றாங்க? பாஸ்வேர்டு மட்டும்தானா, ஓ.டி.பி-யும் உண்டா? அவங்க கை எட்டாத இடத்துல ஒரு பேக்கப் இருக்கா? வேலையை வெளியே கொடுக்கலாம். பில் கட்ட வந்து நிற்கிற மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என்னவோ நகராட்சிதான்!

சரி, டெக்சாஸ் எப்படித் தப்பித்தது? மாநில அரசு உடனே களத்தில் இறங்கியது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழுவும் கைகொடுத்தது. ஒரே வாரத்தில் எல்லா ஊர்களும் மீட்புக் கட்டத்துக்கு வந்துவிட்டன.

சூப்பர் மேட்டர் இனிமேதான். 2021-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களிலேயே பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்கள் அமைக்க வழி செய்யும் சட்டம். முதல் மையம் ஏஞ்சலோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அனுபவசாலிகள் மேற்பார்வையில், உள்ளாட்சிகளின் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது யார் தெரியுமா?

உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்! ஊருக்கும் லாபம், ரெஸ்யூமேக்கும் லாபம். அடுத்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? உங்க ஊர் சாவிக்கொத்து யார்கிட்ட இருக்குன்னு விசாரிக்க ஆரம்பிங்க!