வாக்னர் பகிஷ்காரம்

கலையை அதனைப் படைத்தவனுடைய ஒழுக்கத்தினின்று பிரித்து மதித்தல் தகுமோ என்னும் வினா மிகப் பழைமையானது. சேற்றிற் பிறந்ததென்று தாமரையைத் தள்ளுவாருண்டோ என்பர் ஒரு சாரார். நஞ்சு கலந்த நீர் எத்துணைத் தெளிந்திருப்பினும் பருகலாகாதென்பர் மற்றொரு சாரார். உவமைகளால் இவ்வழக்குத் தீர்வதில்லை. ஆதலின் மெய்யாகவே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜெர்மானிய சங்கீத மேதையாகிய ரிச்சர்டு வாக்னரைக் குறித்துச் சில கூறப் புகுகின்றோம்.

1813-ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரிற் பிறந்து 1883-ல் வெனிஸ் நகரில் மரித்த வாக்னர், இசைநாடகத்திற்குப் புத்துயிர் அளித்தவர். 1865-ல் அரங்கேறிய அவருடைய ‘டிரிஸ்டானும் இஸோல்டேயும்’ என்னும் நாடகத்தின் முகப்பில் ஒலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டைப் பற்றி மேனாட்டு வித்துவான்கள் இன்றளவும் எழுதிக்கொண்டிருக்கின்றனர். இவரே 1850-ல் ‘சங்கீதத்தில் யூதத்தன்மை’ என்றொரு வியாசத்தைப் புனைபெயரில் வெளியிட்டார். யூதருக்குச் சுயமாக இசை படைக்கும் ஆற்றலில்லை என்பது அதன் சாரம். மூன்றாண்டுகளுக்கு முன்னரே இறந்துபோன மெண்டல்ஸோனை அதில் இகழ்ந்தார். மெயர்பேரையும், பெயரைச் சொல்லாமலே தெளிவாகத் தெரியும்படி, தாக்கினார். இளமையில் வறுமையுற்றிருந்த வாக்னருக்குப் பரிந்துரை செய்து, அவருடைய நாடகம் டிரெஸ்டன் நகரில் அரங்கேற உதவியவர் இம்மெயர்பேரே! உண்ட வீட்டிற்கு இரண்டகம் நினைத்தல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. வாலிப வேகத்தில் எழுதியதென்று மன்னிக்கவும் வழியில்லை. 1869-ல் அதனையே விரித்துத் தம் சொந்தப் பெயரில் மீண்டும் அச்சிட்டார்.

இத்தனையும் அறிந்திருந்தும் யூதர் அவருடைய சங்கீதத்தை வெறுத்தாரில்லை என்பது வியப்பு. ‘பார்ஸிபால்’ நாடகத்தை 1882-ல் பைராய்ட் அரங்கில் முதன்முதல் நடத்தியவர், ஒரு யூத குருவின் மகனாகிய ஹெர்மன் லேவி. யூதருக்குத் தனிநாடு வேண்டுமென்று 1895-ல் பாரிஸிலிருந்து எழுதிக்கொண்டிருந்த தியோடர் ஹெர்ஸல், மாலை வேளைகளில் வாக்னரின் ‘டான்ஹாய்ஸர்’ கேட்டே இளைப்பாறினார். 1936-ல் பாலஸ்தீனத்தில் யூத வித்துவான்களைக் கொண்டு நிறுவப்பெற்ற வாத்திய கோஷ்டியும் வாக்னரை விலக்கவில்லை.

விலக்கு வந்தது 1938 நவம்பரில். அம்மாதம் 9-ஆம் தேதி இரவு ஜெர்மனியெங்கும் யூதரின் ஆலயங்கள் தீக்கிரையாயின, கடைகள் நொறுக்கப்பட்டன. சில தினங்களுக்குள் டெல் அவீவ் நகரில் நிகழவிருந்த கச்சேரியினின்று வாக்னரின் முகப்பிசை நீக்கப்பெற்றது. வாக்னர் இறந்து ஆறாண்டுகள் கழித்துப் பிறந்தவன் ஹிட்லர். அவன் செய்த கொலைக்கு இவரை எங்ஙனம் பொறுப்பாக்குவது என்று கேட்கலாம். ஆனால் ஹிட்லர் பைராய்ட் விழாவுக்கு ஆண்டுதோறும் சென்றவன். வாக்னர் குடும்பத்தின் நண்பன். அவ்விசையைத் தன் ஆட்சியின் அணிகலனாக்கிக் கொண்டவன். உற்றாரை இழந்து பிழைத்து வந்தவரின் செவியில் அவ்வொலி சங்கீதமாக மட்டும் விழவில்லை.

நிற்க. அக்காலத்தில் ஜெர்மனியில் நடந்ததையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1933 மே 10-ஆம் தேதி ஹைனே, பிராய்டு, ரெமார்க் முதலியோரின் நூல்கள் பெர்லின் வீதியிற் கொளுத்தப்பட்டன. கொளுத்துவதில் முன்னின்றோர் கல்லூரி மாணாக்கர் என்பதை நம் மாணாக்க வாசகர் கவனிப்பாராக. மெண்டல்ஸோனோ குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர். பரிசுத்த பவுலையும் எலியாவையும் குறித்துச் சங்கீத காவியங்கள் இயற்றியவர். மறக்கப்பட்டிருந்த பாக்கின் பாடுகளின் இசையை 1829-ல் உயிர்ப்பித்தவர். அவருடைய பிறப்பொன்றே குற்றமாயிற்று. 1936 நவம்பரில், லைப்ஸிக் நகராண்மைத் தலைவர் கேர்டலர் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து, அங்கிருந்த மெண்டல்ஸோன் சிலையை அகற்றினர். கேர்டலர் தம் பதவியைத் துறந்தார். பின்னர் ஹிட்லரை எதிர்த்தமைக்காக 1945-ல் கொல்லப்பட்டார்.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்போர் உளர். அது பிழை என்பது எம் கருத்து. ஜெர்மனியில் நடந்தது அதிகாரத்தின் தடையுத்தரவு. கேட்க விரும்பியவனுக்கும் வாய்ப்பில்லை. பிற்காலத்து இஸ்ரேலிலோ வாக்னரை விலக்கும் சட்டமே கிடையாது. புண்பட்டோர் பொருட்டுப் பொதுமேடையில் அதனை வாசியாதிருக்கும் வழக்கமே உண்டு. அன்றியும், மெண்டல்ஸோன் விலக்கப்பட்டது அவர் பிறந்த குலத்திற்காக. வாக்னர் விலக்கப்பட்டது அவர் கைப்பட எழுதிய எழுத்தும் அவ்விசையின் பிற்கால வரலாறும் சேர்ந்து நின்றமையால்.

ஆயினும் வழக்கமும் சட்டம்போல இறுகக்கூடும். 1981-ல் பம்பாயிற் பிறந்த பார்சியாகிய ஸுபின் மேத்தா, கேட்க மனமில்லாதார் எழுந்து செல்லலாமென்று முன்னரே அறிவித்து, டெல் அவீவில் ‘டிரிஸ்டான்’ இசையை வாசிப்பித்தார். மண்டபத்துப் பணியாளர் ஒருவர் மேடையேறித் தம் உடம்பிலிருந்த வடுக்களைத் திறந்து காட்டினார். 2001-ல் எருசலேமில் டேனியல் பாரன்பாய்ம், நிகழ்ச்சி முடிந்தபின் சபையோரிடமே அனுமதி கேட்டார். அரைமணி நேரம் வாதம் நிகழ்ந்தது. சிலர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினர். பெரும்பாலார் இருந்து கேட்டனர். இதற்கு முந்திய ஆண்டில் ரிஷோன் லெட்ஸியோன் என்னும் ஊரிலே வாக்னரின் சிறு இசையொன்றை நடத்திய மெண்டி ரோடன், தாமே அக்கொடுமைக்குத் தப்பிப் பிழைத்தவர். சபையிலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டி அதனைக் குலைக்க முயன்ற முதியவரும் அங்ஙனம் பிழைத்தவரே. எவர் பக்கம் நியாயம் என்று நம்மனோர் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. எனினும் மேத்தாவும் பாரன்பாய்மும், செல்ல விரும்புவோருக்கு வாயிலைத் திறந்துவைத்தே வாசித்தனர். அம்முறை செம்மையானதென்று எமக்குத் தோன்றுகிறது.

2018-ல் இஸ்ரேலின் பொது வானொலி, வாக்னரின் ‘தேவர்களின் அந்தி’ என்னும் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒலிபரப்பியது. ஒலிபரப்பிய பின், கேட்போரில் அக்கொடுமையினின்று பிழைத்தவர்கள் இன்னும் இருக்கின்றனர் என்று கூறி மன்னிப்பும் கேட்டுக்கொண்டது.