கிளட்ச் தேய்வது ஓடிய தூரத்தாலா? ஓட்டுபவர் காலாலா?

ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு மேனுவல் கார்கள். ஒன்றில் 40,000 கிலோமீட்டர் ஓடியதுமே கிளட்ச் தேய்ந்து போகிறது. மற்றொன்று 150,000 கிலோமீட்டரைத் தாண்டியும் பழைய கிளட்சோடு ஓடிக்கொண்டிருக்கிறது. கார் பட்டறைகளில் இது அன்றாடம் காணும் காட்சி. காரும் ஒன்று, பாகமும் ஒன்று என்றால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் இன்று விற்பனையாகும் புதிய கார்களில் பெரும்பாலானவை ஆட்டோ கியர் கொண்டவை. அதற்காகக் கிளட்சின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1993இல் அறிமுகமான புரோட்டோன் வீரா, 1994 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களை நம்பி வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பள்ளி வேன், சிறிய லோரி ஓட்டிப் பிழைப்பவர்களில் பலருக்கு இடது காலுக்கு ஓய்வே இல்லை. அவர்களுக்குக் கிளட்ச் போனால் பட்டறைச் செலவோடு நட்டம் முடிந்துவிடாது. அன்றைய வருமானமும் போகும். ஏற்றிச் செல்ல வேண்டிய பிள்ளைகளும் வாசலில் காத்திருப்பார்கள். ஆகவே, கிளட்சைப் பற்றி நான்கு விஷயம் தெரிந்து வைத்திருப்பது குடும்பப் பொருளாதாரத்தைச் சேர்ந்த விஷயமும்கூட.

உள்ளே நடப்பது என்ன?

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனையில் ஃபிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கியர் பெட்டியோடு இணைந்திருப்பது கிளட்ச் பிளேட். இந்தத் தட்டின் இரு பக்கமும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டிருக்கும். அதை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பது கிளட்ச் கவர். அதனுள் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்க உதவுவது ரிலீஸ் பேரிங்.

இங்கே பலர் தலைகீழாக நினைத்துக் கொள்ளும் ஒன்று உண்டு. பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிப்பதில்லை, விலகுகிறது. காலை முழுதாக எடுத்தால்தான் தட்டு முழு வலுவோடு பிடிபட்டு, இஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. முழுதாக மிதித்த நிலையிலும் முழுதாக விட்ட நிலையிலும் தட்டு தேய்வதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், பாதி மிதித்த நிலையில்தான் அது வழுக்கிக்கொண்டே தேய்கிறது.

கத்தியைச் சாணைக்கல்லில் வைத்துப் பிடிப்பதை நினைத்துப் பார்க்கலாம். சுற்றும் கல்லில் கத்தி உரசும்வரை சூடும் தேய்மானமும் உண்டு. கிளட்ச் பிளேட்டின் கதையும் அதுதான். கார் புறப்படும்போது ஓரிரு விநாடி வழுக்குவதைத் தவிர்க்க முடியாது. அதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஓரிரு விநாடி அரை நிமிடமாக நீளும்போதுதான் ஆயுள் குறைகிறது. மீட்டர் காட்டும் தூரத்தைவிட, தட்டு வழுக்கிய நேரமே கிளட்சின் உண்மையான வயது.

கால் செய்யும் தவறுகள்

முதல் தவறு, ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சாலேயே காரைப் பிடித்து வைப்பது. விடுமுறை நாளில் கெந்திங் மலைச்சாலையில் வாகனங்கள் வரிசையாக நின்றால், கருகிய வாடை மூக்கைத் துளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, புறப்படும்போது கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் பிரேக்கை விடுவதே முறை. ஓட்டுநர் உரிமச் சோதனையில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சோதனையில் தேறியதோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஓட்டும்போது இடது காலைப் பெடல்மேல் ஓய்வாக வைத்திருப்பது. மிதிப்பதாகவே தோன்றாது. ஆனால் காலின் எடை ரிலீஸ் பேரிங்கை ஓயாமல் அழுத்தும்; தட்டின் பிடியும் சற்றுத் தளரும். பெடலுக்குப் பக்கத்தில் தரையில் கால் வைப்பதே நல்லது.

மூன்றாவது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்வது. தைப்பூச நேரத்தில் பத்துமலையை நோக்கிச் செல்லும் சாலையிலும், பெருநாளுக்கு ஊர் திரும்பும் நாளில் காராக் நெடுஞ்சாலையிலும் இதைக் காணலாம். முன்னே சற்று இடைவெளி விட்டு, முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு நகரும் அளவுக்கு இடம் கிடைத்ததும் நகர்ந்தால் தட்டுக்கு வேலை குறையும். சமிக்ஞை விளக்கில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடலாம்.

இவற்றோடு, இரண்டாவது கியரில் புறப்படுவதும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதும், இஞ்சினை உறுமவிட்டுக் கிளட்சை விடுவதும் தட்டைத் தேய்க்கும் பழக்கங்களே.

கோளாறைக் காட்டும் அடையாளங்கள்

கிளட்ச் சொல்லாமல் கொள்ளாமல் போவது அரிது. பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும்.

மேட்டில் எண்ணெய் மிதித்ததும் இஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது என்று பொருள். நான்காவது, ஐந்தாவது கியரில்தான் இது முதலில் தெரியும். கியர் சிரமப்பட்டு விழுவதும், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று உரசுவதும் கிளட்ச் முழுதாக விலகவில்லை என்பதைக் காட்டும். புறப்படும்போது கார் உதறினால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஃபிளைவீல் சூடேறி மேடுபள்ளமாகவும் ஆகியிருக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்மேல் சந்தேகம் கொள்ளலாம். மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் கியர் பெட்டியின் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால், எல்லாக் கோளாறுக்கும் கிளட்ச் பிளேட் பொறுப்பல்ல. இதைத் தெரிந்துகொள்ளாத வாடிக்கையாளர்தான் வீண் செலவு செய்கிறார். கேபிள் வகைக் கிளட்சில், பெடலின் மேல்பகுதியில் சிறிது வெற்றாட்டம் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய அந்த ஆட்டம் குறையும். அது முற்றிலும் இல்லாமல் போனால், இன்னும் உபயோகிக்கக்கூடிய தட்டுகூட வழுக்கத் தொடங்கும். அந்நிலையில் கேபிளைச் சரிசெய்தாலே போதும். எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

பம்ப் வகைக் கிளட்சில் பெடல் தொளதொளவென்று தரைவரை இறங்கினால், பம்பில் கசிவோ குழாயில் காற்றோ இருக்கலாம். அதற்குக் கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. இந்தப் பம்பில் கையேடு குறிப்பிடும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். தெரியாமல் இஞ்சின் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மாற்றும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

கிளட்ச் வேலையில் பெரிய சிரமம் கியர் பெட்டியை இறக்கி ஏற்றுவது. தட்டை மட்டும் மாற்றி, பழைய கவரையும் பேரிங்கையும் விட்டுவைத்தால், சில மாதத்தில் பேரிங் போய் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரிடலாம். அதனால் பிளேட், கவர், பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே சிக்கனம். கியர் பெட்டி இறங்கியிருக்கும்போதே இஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீலையும் பார்த்துவிட வேண்டும். அது கசிந்தால் புதுத் தட்டும் எண்ணெயில் நனைந்து வீணாகும். ஃபிளைவீலில் நீலத் தழும்போ வெடிப்போ இருந்தால் அதைச் சீவித் தருவதா, மாற்றுவதா என்று கேட்க வேண்டும்.

ஜப்பானின் எக்செடி, ஐசின், பிரான்சின் வலியோ, ஜெர்மனியின் சாக்ஸ், லுக் ஆகியவை கிளட்ச் தயாரிப்பில் பெயர்பெற்ற நிறுவனங்கள். பெயரைக் காட்டிலும் பொருத்தம் முக்கியம். ஒரே மாடலிலும் இஞ்சின் அளவுக்கேற்பத் தட்டின் விட்டமும் நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் மாறுபடலாம். கடையில் காரின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல் சேசிஸ் எண்ணையும் காட்ட வேண்டும். விலை மிக மலிவாக இருந்து, பெட்டியில் எழுத்துகள் மங்கலாகவோ பிழையாகவோ இருந்தால் போலி என்று சந்தேகிக்க இடமுண்டு.

பந்தயக் கார்களுக்கான உலோகத் தட்டுகளை இளைஞர்கள் சிலர் விரும்புகிறார்கள். அவை அதிக வலுவைத் தாங்கும். ஆனால் மெதுவாகப் பிடிக்காமல் வெடுக்கென்று பிடிக்கும். உடன் வரும் கவரால் பெடலும் கனக்கும். நெரிசலில் வேலைக்குப் போய்வரும் காருக்குச் சாதாரணத் தட்டே ஏற்றது.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. தட்டின் ஆணிகள் வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்ததா, எண்ணெயில் நனைந்ததா, சூட்டில் கருகியதா என்று பார்த்தாலே காரணம் புரியும். காரணம் தெரியாமல் மாற்றிய கிளட்ச் மறுபடியும் அதே காரணத்தால் போகும். புதிய கிளட்ச் போட்ட பின் முதல் 500 கிலோமீட்டருக்குக் கனமான சுமையும் வேகப் புறப்பாடும் வேண்டாம். தட்டின் முகமும் ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று படிய அவகாசம் தேவை.

பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

விற்பவரின் வாய்ச்சொல்லோடு ஒரு சிறு சோதனையும் செய்து பார்க்கலாம். ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்கு இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட வேண்டும். இஞ்சின் உடனே அணைந்தால் தட்டுக்குப் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். இந்தச் சோதனையே தட்டைத் தேய்க்கும் என்பதால் ஒரு முறை செய்தால் போதும். பிறகு ஒரு மேட்டில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வழுக்கத் தொடங்கிய கிளட்சோடு மலையேறத் துணியக்கூடாது. பாதி ஏற்றத்தில் இழுவை போய்விட்டால், பின்னால் வரும் லோரிக்கும் பேருந்துக்கும் நடுவே சிக்குவது குடும்பம்தான். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, பயணத்தைத் தொடரலாமா என்பதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

நல்ல கிளட்சை வாங்கக் கடை உண்டு. பொருத்தப் பட்டறை உண்டு. அதன் ஆயுளை நீட்டிப்பது மட்டும் ஓட்டுபவரின் இடது காலிடம்தான் இருக்கிறது. மிதிக்கும்போது முழுதாக மிதித்து, விடும்போது முழுதாக விட்டுப் பழகிய காலுக்குச் சொந்தக்காரர் பட்டறை வாசலில் காத்திருக்கும் நாட்கள் மிகக் குறைவாகவே இருக்கும்.