அத்தி மரமும் அத்திக் குளவியும்

அரிதாக நிகழும் ஒன்றை 'அத்தி பூத்தாற்போல' என்று சொல்வது தமிழ் வழக்கு. உண்மையில் அத்தி ஆண்டுக்குப் பலமுறை பூக்கிறது. பூக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நாம் அத்திக்காய் என்று அழைப்பது தாவரவியலின்படி காய் அன்று. சிறு சிறு பூக்களை ஆயிரக்கணக்கில் உட்புறமாக வைத்து மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து அது. அதன் நுனியில் செதில்களால் அடைபட்ட நுண்துளை ஒன்று உண்டு. காற்றோ தேனீயோ அதன் வழியே பூக்களை அடைய முடியாது. அடையக்கூடியது ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அத்திக் குளவி.

ஒரு சூழல் மண்டலத்தில் உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் படிக்கும் மாணவர்கள் கூட்டுயிர் வாழ்க்கை, ஒட்டுண்ணி வாழ்க்கை, கொன்றுண்ணல் எனத் தனித்தனித் தலைப்புகளில் படிக்கின்றனர். ஓர் அத்தி மரத்தில் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. உலகில் 700-க்கும் மேற்பட்ட அத்தி இனங்கள் உள்ளன. ஆலும் அரசும் இவற்றைச் சேர்ந்தவையே. பொதுவாக ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. நம் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியின் (ஃபைகஸ் ரெசிமோசா) குளவி, சேரடோசோலன் ஃபியூசிசெப்ஸ் என்னும் இனம்.

குளவியின் குறுகிய வாழ்வு

உள்ளே இருக்கும் பெண் பூக்கள் முதிர்ந்ததும் பூங்கொத்து ஒருவித மணத்தை வெளியிடுகிறது. அதைப் பின்பற்றி வரும் பெண் குளவி நுனித்துளைக்குள் நெருக்கிப் புகுகிறது. வழி மிகக் குறுகலானதால் சிறகுகள் பிய்ந்து போகின்றன. இனி அது பறக்க முடியாது. உள்ளே சென்றதும், தான் பிறந்த மரத்திலிருந்து மார்பிலுள்ள பைகளில் சுமந்து வந்த மகரந்தத்தைச் சூலகமுடிகளில் சேர்த்துக்கொண்டே, சூலகத் தண்டின் வழியாக முட்டையிடுகிறது. தண்டு குட்டையாக உள்ள பூக்களில் முட்டை எளிதில் சேர்கிறது. தண்டு நீண்ட பூக்களில் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவை விதைகளாகின்றன. மரத்துக்கு விதை, குளவிக்குத் தொட்டில் என்ற பங்கீடு இப்படி அமைகிறது. வேலை முடிந்த தாய்க்குளவி அங்கேயே மடிகிறது.

சில வாரங்களுக்குப் பின் ஆண் குளவிகள் முதலில் வெளிவருகின்றன. அவற்றுக்குச் சிறகு கிடையாது. பெண் குளவிகள் தாம் வளர்ந்த பூவுக்குள் அடைபட்டிருக்கும்போதே அவற்றோடு இணைசேர்ந்து, பிறகு பூங்கொத்தின் சுவரைக் குடைந்து வழி திறந்துவிட்டு இறக்கின்றன. ஆண் பூக்கள் முதிர்வதும் அந்நேரத்தில்தான். பெண் குளவிகள் மகரந்தத்தைப் பைகளில் நிரப்பிக்கொண்டு வெளியே பறக்கின்றன. இனி அவற்றுக்கு இருப்பது ஓரிரு நாள் ஆயுள் மட்டுமே.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும். ஆகவே வெளிவந்த குளவி தன் மரத்தில் முட்டையிட இடம் தேட முடியாது. அதே இனத்தைச் சேர்ந்த, அன்றைக்குப் பூத்திருக்கும் வேறு மரம் ஒன்றை அது கண்டாக வேண்டும். காட்டில் எந்த நாளிலும் ஏதேனும் ஓர் அத்தி பூத்துக்கொண்டிருந்தால்தான் குளவியின் வம்சம் தொடரும். நமீபியாவின் உகாப் ஆற்றங்கரையில் நடந்த ஆய்வில், இக்குளவிகள் காற்றோடு சென்று சுமார் 160 கி.மீ. தொலைவுக்கும் மகரந்தம் சேர்ப்பது கண்டறியப்பட்டது.

அழையா விருந்தினர்

இந்த ஏற்பாட்டில் பங்களிக்காமல் பயன் பெறும் குளவிகளும் உண்டு. இவை உள்ளே நுழைவதில்லை. நீண்ட முட்டையிடு ஊசியால் காயின் சுவரை வெளியிலிருந்தே துளைத்து முட்டையிடுகின்றன. அபோகிரிப்டா என்னும் வகை, உள்ளே வளரும் பிற குளவிகளின் புழுக்களை இரையாக்குகிறது. மயிரிழை போன்ற அதன் ஊசி கடினமான காயைத் துளைப்பது எப்படி? ஊசி முனையிலுள்ள பற்கள் துத்தநாகத்தால் வலுவூட்டப்பட்டிருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர்.

வெளியே நின்று நெடுநேரம் துளையிடும் குளவி, முசுறு எறும்பின் கண்ணில் பட்டால் தப்புவது அரிது. எறும்புக்கு அத்தியின் மேல் அக்கறை ஒன்றும் இல்லை. அது தன் இரையைத் தேடுகிறது. ஆனாலும் திருட்டுக் குளவிகள் குறைவதால் மரத்துக்கும் அதன் உரிய குளவிக்கும் நன்மை விளைகிறது.

குளவிகள் வெளியேறிய பிறகே நாட்டு அத்தி பழுத்துச் சிவக்கிறது. பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி இருக்கும் என்று நம் பழமொழி குறை சொல்கிறது. அந்தப் பூச்சி இல்லையென்றால் அதில் விதையே இராது. 1,200-க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் அத்தி வகைப் பழங்களை உண்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருவாச்சி, சிங்கவால் குரங்கு, ஊர்ப்புறத்துக் குக்குறுவான், பழந்தின்னி வௌவால் ஆகியவை அவற்றுள் சில. பிற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் ஏதோ ஓர் அத்தி பழுத்திருப்பதால் இவை பட்டினியின்றிப் பிழைக்கின்றன. உண்டவை விதைகளை எச்சத்தோடு தொலைவில் இடுகின்றன.

பாதியை மட்டும் கொண்டுபோனால்

கடைகளில் உலர்பழமாகக் கிடைக்கும் சீமை அத்தி வேறு இனம். 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) பகுதியிலிருந்து சுவைமிக்க அத்தி வகை ஒன்றைக் கலிபோர்னியாவில் கொண்டுவந்து நட்டனர். மரங்கள் செழித்தன. காய்கள் மட்டும் பிஞ்சிலேயே உதிர்ந்தன. ஸ்மிர்னா உழவர்கள் காட்டு அத்திக் காய்களைப் பறித்துத் தம் மரங்களில் தொங்கவிடும் வழக்கம் பழங்காலத்திலிருந்தே உண்டு. அமெரிக்கப் பண்ணையாளர் பலர் முதலில் அதை மூடநம்பிக்கை என்றே கருதினர். அந்தக் காட்டுக் காய்களில்தான் மகரந்தம் சுமக்கும் குளவி இருந்தது. 1899-இல் ஃபிரெஸ்னோவில் குளவி நிலைபெற்ற பிறகே மரங்கள் பழம் கொடுத்தன.

காட்டில் இந்த உறவு அறுபடும்போது கொண்டுவந்து சேர்க்க ஒருவரும் இல்லை. 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல் நினோவினால் போர்னியோவில் கடும் வறட்சி ஏற்பட்டது. சரவாக்கின் லம்பிர் குன்றுகள் தேசியப் பூங்காவில் பல அத்தி இனங்கள் பூப்பதை நிறுத்தின. இடைவெளி சில வாரங்களே என்றாலும், ஓரிரு நாள் வாழும் குளவிக்கு அது மிக நீண்ட காலம். பல இனங்களின் குளவிகள் அப்பகுதியிலிருந்து முற்றிலும் மறைந்தன. மழைக்குப் பின் மரங்கள் மீண்டும் பூத்தபோது அவற்றைத் தேடி வரக் குளவி இல்லை. அவை வெளியிலுள்ள காடுகளிலிருந்து காற்றோடு வந்து சேர வேண்டியிருந்தது.